வுழுந்தா மேடம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யானையின் நெற்றியில் மூடி இருக்கும் என்று நம்பியவன் நான். கறுப்பு மூடி, திருகித் திறக்கிற வகை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அந்த நம்பிக்கை ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. ஒரு ஆள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் புளியமரத்தில் ஏறுகிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் அதை நம்பிய உறுதியில் வேறெதையும் நான் நம்பியதில்லை, என் கல்யாணத்தில் ஐயர் சொல்லிக்கொடுத்த மந்திரங்கள் உட்பட.

மூடியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்கண்டப்பள்ளிப் பக்கம், வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் பிட்டர். அவர் குவாலிட்டி செக்‌ஷனில் லைன் இன்சார்ஜ். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கம்பெனிக்குள் மேடம், கேட்டுக்கு வெளியே அக்கா. இரண்டு பேரும் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவருக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை தாண்டி, பஸ் ரோட்டிலிருந்து காட்டுக்குள் நடந்து போக வேண்டிய ஒரு சின்னக் கிராமம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கோபம் வந்தால் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு தெரியாது என்பதால் அவர் என்னைத் திட்டியிருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது.

கம்பெனியில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவன் நான்தான். 'வுழுந்தா மேடம்'. ஏனென்றால் அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வருகிற கேள்வி அது.

"வுழுந்தா எங்க வுழும்?"

தகட்டை அழுத்துகிற, டை என்கிற இரும்பு அச்சைக் கிரேனில் தூக்குவோம். எல்லோரும் மேலே பார்ப்போம். அவர் மட்டும் கீழே பார்ப்பார். டை தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே யாருடைய டீ கிளாஸ் இருக்கிறது, யாருடைய கால் இருக்கிறது, அறுந்தால் எந்தப் பக்கம் உருளும் என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். டவுன் பஸ்ஸில் ஏறினால் மேலே பலகையில் யாருடைய மூட்டை இருக்கிறதோ அதற்குக் கீழே உட்கார மாட்டார். உட்கார்ந்திருக்கிறவர்களையும் உட்கார விட மாட்டார். "அந்த டிரம்மு யாரோடதுங்க? கட்டியிருக்கா? வுழுந்தா இந்தப் பாப்பா மேல வுழும்." பாப்பாவின் அம்மா முறைப்பாள். கண்டக்டர் சிரிப்பார். டிரம் இடம் மாறும்.

என் மகளைத் தொட்டிலில் போட்ட அன்று வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆளாளுக்குப் பாட்டு, ஆரத்தி. இவர் நேராகப் போய்த் தொட்டில் கயிற்றைப் பிடித்து இரண்டு இழு இழுத்தார், உத்தரத்தைப் பார்த்தார், பிறகு அந்த அமங்கலமான கேள்வியைக் கேட்டார். என் மாமியார் முகம் போன போக்கைப் பார்த்து நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது தொட்டிலுக்குக் கீழே எங்கள் வீட்டு ஒரே மெத்தை விரித்துக் கிடந்தது. அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் மனைவிக்கு ஆத்திரம். "நல்ல நாளும் அதுவுமா ஒரு நல்ல வார்த்தை வருதா அந்தம்மா வாயில?" தொட்டில் கடைசிவரை விழவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மகள் நடக்கத் தொடங்கும்வரை அந்த மெத்தையை எடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. நாங்கள் இருவரும் பாயில் படுத்தோம்.

இப்படி ஒரு சுபாவத்துக்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கும் என்று கம்பெனியில் ஒரு பேச்சு. அவருடைய அப்பா பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர் என்று யாரோ சொன்னார்கள். அது போதாதா நமக்கு? ஒரு பாறையை உருட்டிவிட்டு, அவரையும் அதன் அடியில் போட்டு, கதையை முடித்தே விட்டோம். ஒருநாள் கேன்டீனில் நான் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு என்னாச்சுக்கா?" என்று கேட்டேன். "அவருக்கு என்னா? மாடு மேய்க்கிறாரு. பல்லுதான் ரெண்டு இல்ல" என்றார். அந்தப் பல் எங்கே விழுந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் எப்படிப்பட்டவன் என்பதற்கும் ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் தீ விபத்து ஒத்திகைக்குச் சைரன் ஊதினார்கள். எல்லோரும் வெளியே வந்து மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். நான் கேட்டைத் தாண்டி, டவுன் பஸ்ஸில் ஏறி, மத்திகிரியில் இறங்கி, வீட்டில் தண்ணீர் குடித்த பிறகுதான் அது ஒத்திகை என்று தெரிந்தது. கையில் கம்பெனி ஸ்பானர். மறுநாள் எல்லோரும் சிரித்தார்கள். நானே நடித்துக் காட்டி அவர்களைவிட அதிகமாகச் சிரிக்க வைத்தேன். என் தொழிலே அதுதான். பயந்ததை நானே முந்திக்கொண்டு ஜோக்காகச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஓடனது தப்பில்லப்பா. எங்க ஓடறோம்னு பாத்து ஓடணும்" என்றார்.

இனி விமானம்.

இப்போது ஓசூர்க் கல்யாண மண்டபங்களில் மணமக்கள் தலைக்கு மேல் ட்ரோன் சுற்றுகிறது. அப்போது அந்தச் சொல்லே எங்களுக்குத் தெரியாது. அக்காவின் தம்பி பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் படித்தபோது புராஜெக்ட்டுக்காகத் தெர்மாகோலில் ஒரு குட்டி விமானம் செய்து, அது உடைந்து, அவனும் வேலை கிடைத்துப் போய்விட்டான். மோட்டாரும் ரிமோட்டும் அக்காவின் பரணில் கிடந்தன. கம்பெனிக்கு வருகிற பெட்டிகளில் தெர்மாகோல் அட்டை நிறைய வீணாகும். கேட்டில் சொல்லிவிட்டு எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அறுத்து ஒட்டி, புது விமானம் செய்தார். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு இறக்கை. பெங்களூரில் பொம்மை விமானம் விற்கிற கடைக்கே போய், மீதிச் சாமான்களையும் தீப்பெட்டி அளவில் ஒரு கேமராவையும் வாங்கி வந்தார். கேமரா பறக்கும்போது எடுக்கும், இறங்கிய பிறகுதான் பார்க்க முடியும்.

பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை. அவர் ஊருக்குப் போகிற காட்டுப் பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து மூடிவிட்டது. பள்ளிக்கூடம் பஸ் ரோட்டில் இருக்கிறது. பிள்ளைகள் அந்தப் புதருக்குள் நுழைந்துதான் வர வேண்டும். அந்த வருஷம் ராகி அறுப்புச் சமயத்தில் அவருடைய அண்ணன் மகள் பாதை வளைவில் திரும்ப, எதிரே யானை. அது இவளைப் பார்த்தது, இவள் அதைப் பார்த்தாள், இரண்டும் அவரவர் வழியில் போய்விட்டன. ஆனால் அன்றோடு அவளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஊரில் மற்றப் பெண்பிள்ளைகளையும் நிறுத்தினார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண், நன்றாகப் படிக்கிறவள். வீட்டில் மாப்பிள்ளை பற்றிப் பேச்சு எடுக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும்.

புதரை வெட்டிக் கொடுங்கள் என்று கிருஷ்ணகிரிக்கு மனு நாளில் போய்க் கொடுத்தார். பாதை இருக்கிறதே என்று பதில் வந்தது. போட்டோ எடுத்துப் போனார். தரையிலிருந்து எடுத்தால் வெறும் இலைதான் தெரிகிறது, யார் வீட்டு வேலி என்றும் சொல்லலாம். மேலே இருந்து எடுத்தால் பாதையே தெரியாது, அந்தத் தெரியாததைத்தான் காட்ட வேண்டும் என்றார் என்னிடம். எனக்கு அது பாதி புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் களியும் கோழிக் குழம்பும் உண்டு என்றது முழுசாகப் புரிந்தது. வருகிறேன் என்றேன்.

முதல் தடவை போனதை நான்தான் கெடுத்தேன். ஆயுத பூஜைக்கு நாங்கள் கம்பெனியில் பிரஸ், கிரேன், எடை மிஷின், பஞ்சிங் கார்டு மிஷின் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள். ஒரு விமானம் முதல்முதலாகக் காட்டுக்கு மேலே போகப்போகிறது, அதற்குப் பொட்டு இல்லாமலா? நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றை எடுத்ததுமே அக்கா பிடுங்கிவிட்டார். மூக்குப் பக்கம் கனத்தால் குப்புற விழும் என்றார். பொட்டு வைத்தே தீருவேன் என்று நான் அடம்பிடித்தேன். இறக்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து விமானத்தைத் தூக்கினார். தராசு போல அசையாமல் நின்றது. "வெக்கறதா இருந்தா இந்த எடத்துல வெய்யி. இங்க வெச்சா அதுக்குத் தெரியாது."

அங்கே வைத்தேன். ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. இறக்கைக்கு அடியில் வைப்பது ஒரு பொட்டா? முகத்தில் அல்லவா வைக்க வேண்டும்? அவர் காற்றுப் பார்க்கத் திரும்பினார். விமானத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த சாமானில் வட்டமாக, பளபளவென்று, நெற்றி மாதிரியே ஒரு இடம் இருந்தது. அங்கே நல்ல சந்தனம், அதன் நடுவில் குங்குமம் வைத்துவிட்டேன்.

அன்று மாலை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாங்கள் பார்த்த படம் முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பு. காட்டுக்கு மேலே சூரியன் உதித்து, கடைசிவரை அஸ்தமிக்காமலே நின்றது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அடுத்த வாட்டி உன்ன பிளேன் பக்கமே விட மாட்டேன்" என்றார். "நீ வழியப் பாரு."

அடுத்த தடவை மாசி மாதம். அறுப்பெல்லாம் முடிந்து, யானைகள் நகர்ந்துவிட்டிருந்தன. வனத்துறையில் சொல்லி, வாட்சர் ஒருவரையும் கூட்டிக்கொண்டார். வயதானவர், காதில் கடுக்கன், பேச்சில் பாதி கன்னடம். நான் அவரிடம் தனியாகப் போய் விசாரித்தேன். "ஆனே இல்லப்பா. எல்லாம் ஜவளகிரி தாட்டிப் போயாச்சு" என்றார். நிச்சயமா என்றேன். நிச்சயம் என்றார். ஒன்றாவது பின்தங்கி நின்றிருக்குமே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நின்றாலும் உன்னிடம் அதற்கு என்ன வேலை என்று கேட்டார்.

பறக்கவிடுவதற்கு முந்தி அக்கா அந்தப் பாதை முழுவதையும் எங்களை நடக்க வைத்தார். போகவும் வரவும். நான் பாம்பைத் தேடி நடந்தேன். அவர் விழுகிற இடங்களைத் தேடி நடந்தார். நெடுகப் பார்த்து, ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளி கிடைத்த இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டு, கம்பெனியில் மிஷின் துடைக்கிற வெள்ளைத் துணியை அதில் கட்டினார். பாதையின் நடுப்பகுதியில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் ஏறினால் இரண்டு பக்கமும் மர உச்சி தெரியும். அவர் நிற்கப்போவது அங்கே. பாறைக்கு அந்தப் பக்கம் ராகி அறுத்த காலி நிலம், ஓரத்தில் ஒரு புளியமரம். விமானம் இறங்க வேண்டியது அந்த நிலத்தில். அதற்கும் அப்பால் ஒரு குட்டை. குட்டைக் கரையிலும் ஒரு துணி கட்டினார். அது எதற்கு என்றேன். "வேற எதுவுமே இல்லன்னா அது. தண்ணியில போட்டா மோட்டாரும் போச்சு, எல்லாம் போச்சு. ஆனா அங்க யாரும் நிக்க மாட்டாங்க."

வாட்சர் ஊர்ப்பக்கம் நின்று அங்கிருந்து யாரும் வராமல் பார்க்க வேண்டும். நான் பஸ் ரோட்டுப் பக்கம், வளைவில். என் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார்.

"நான் பிளேன விட்டு கண்ண எடுக்க முடியாது. நீதான் என் கண்ணு. ஆள் வந்தா ஊது. நீ ஊதனா ஏன்னு கேக்க மாட்டேன், எறக்கிருவேன்."

"யானை வந்தா?"

"அதுக்கும் ஊதிட்டு, அப்பறம் ஓடு."

"எதுக்கு என்னையப் போய்க் கூப்பிட்டீங்க, அக்கா? நான் எப்பிடின்னு தெரியும்ல?"

"உன் சத்தம் பிரஸ் ஷாப்ப தாண்டி கேக்குது. அது போதும்."

ரிமோட் கம்பியின் நுனியில் ஒரு நூலைக் கட்டி, அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நூல் தொங்கியதும் விமானத்தைக் கையால் எறிந்தார். கொசு மாதிரி ஒரு சத்தம். மர உச்சிக்கு மேலே வெள்ளையாக ஏறி, பாதையின் மேலேயே ஊர்ப்பக்கம் போனது. நான் வளைவில் தனியாக நின்றேன். விசில் வாயில். எடுக்க நேரமில்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று முதலிலிருந்தே வாயில் வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் இலை. ஒரு காய்ந்த குச்சி முறிந்தாலும் எனக்குள் ஏதோ ஒன்று முறிந்தது.

விமானம் ஊர்வரை போய்த் திரும்பி, பாறையைத் தாண்டி என் பக்கம் வருகிற சத்தம் கேட்டது. வளைவில் கொஞ்சம் தாழ்வாக வந்தால்தான் புதரின் உயரம் படத்தில் தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார். அப்போதுதான் பஸ் ரோட்டுப் பக்கத்திலிருந்து உண்ணிச்செடி சரசரவென்று விலகியது.

இலைகளுக்கு மேலே ஒரு கறுப்பு முதுகு. உருண்டை. மடிப்பு மடிப்பாக. ஆடி ஆடி, அவசரமே இல்லாமல், என்னை நோக்கி வருகிறது. கால் தெரியவில்லை. முன்னால் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒன்று தொங்கி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. நெற்றி நடுவே வட்டமாக ஒரு மூடி. மூடியையும் நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன், 'மூடி போட்ட யானை' என்று நினைத்தேன், அது கூடுதல் ஆபத்து என்று முடிவு செய்தேன்.

ஓடினேன்.

விசில் வாயில் இருந்தது. மூச்சு வாங்க வாங்க அது தானாக ஊதியது. பீ, பீ, பீ என்று ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. பின்னால் யாரோ என்னை விரட்டிக்கொண்டு விசிலடிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன். புதரெல்லாம் முகத்தில் அடித்தது. பாறை வந்தது, ராகி நிலம் வந்தது, புளியமரம் வந்தது. மரத்தின் மேல் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. இறங்கும்போதுதான் அது எவ்வளவு உயரம் என்று தெரிந்தது.

மேலிருந்து பார்த்தேன். விமானம் ராகி நிலத்தை நோக்கித் தாழ்ந்து வந்துவிட்டிருந்தது. நான் அந்த நிலத்தின் குறுக்கேதான் ஓடியிருக்கிறேன். அது என் தலைக்கு நேராக வந்த நேரத்தில் அக்கா அதைத் திருப்பியிருக்கிறார். ஒரு சாய்வு சாய்ந்து, துணி கட்டிய குச்சியைத் தாண்டி, குட்டைத் தண்ணீரில் போய் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. யாரோ துணி துவைக்கிற மாதிரி ஒரே ஒரு அடி.

பிறகு புதரை விலக்கிக்கொண்டு யானை வந்தது. பாறை ஓரம் நின்றது. தலையிலிருந்து தன்னைத்தானே கழற்றிக் கீழே வைத்தது. உள்ளே அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். பஸ் ரோட்டில் இறக்கிய புதுப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைச் சும்மாடு வைத்துப் படுக்கைவசமாக, மூடி முன்பக்கம் இருக்க, தலையில் சுமந்து வந்திருக்கிறார். தொட்டியோடு வாங்கிய ஹோஸ் பைப்பை முன்னால் தொங்கவிட்டிருக்கிறார். தொட்டி காதை அடைத்திருந்ததால் விசிலும் கேட்கவில்லை, விமானமும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தவர், மரத்தில் என்னைக் கண்டார்.

"என்னாண்ணா, தேனா?" என்று கேட்டார்.

அக்கா சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குட்டையில் இறங்கிவிட்டிருந்தார். தொட்டிக்காரர் கையைக் கொடுத்து அவரைக் கரையேற்றினார். ஒரு இறக்கை முறிந்து, விமானத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. அதை வெள்ளாட்டுக் குட்டி மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். எனக்குத் தெரியாத தெலுங்கு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எறங்கு" என்றார். "பாத்து எறங்கு. வுழுந்தா கல்லு மேல வுழுவ."

மதியம் அவர் வீட்டில் களி. ஊரே வந்து விமானத்தைப் பார்த்தது. அண்ணன் மகள் அதன் முறிந்த இறக்கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கொண்டு தன்னால் மறுபடி பள்ளிக்கூடம் போக முடியுமா முடியாதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை நேராகக் கேட்கவில்லை. "இதுல படம் இருக்குமா, அத்தை?" என்று மட்டும் கேட்டாள். "காய வெச்சுப் பாக்கணும்" என்றார் அக்கா. பிறகு கூடியிருந்தவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார். "இவரு விசில் ஊதலன்னா அந்த வளைவுல இந்தத் தொட்டி அண்ணன் மொகத்துலயே போயி அடிச்சிருக்கும். ஒரு ஆளக் காப்பாத்துனாரு."

தொட்டிக்காரர் எழுந்து வந்து, குழம்புச் சட்டியில் துழாவி, கோழியின் கால் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த வாய் இது. ஊதியது நானில்லை, என் மூச்சிரைப்பு என்று சொல்லியிருக்கலாம். நன்றாகச் சிரித்திருப்பார்கள். நான் கால் துண்டைத் தின்றேன். எலும்பைக்கூட விடவில்லை.

மோட்டார் போய்விட்டது. கேமரா செத்தது. உள்ளே இருந்த கார்டு பிழைத்துக்கொண்டது. நாலைந்து நாள் கழித்து அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டார். நானும் என் மனைவியும் போயிருந்தோம். மேலே இருந்து பார்த்தால் ஒரே பச்சை. எங்கேயுமே பாதை இல்லை. நான் நடந்து வந்த பாதை, பிள்ளைகள் நடக்கிற பாதை, அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. திரும்பி வரும்போது, வளைவுக்குப் பக்கத்தில், அந்தப் பச்சையில் ஒரு கறுப்புத் தொட்டி மிதந்து வந்தது. அதைச் சுமக்கிற மனிதர் இல்லை. தலை இல்லை, தோள் இல்லை. தொட்டி மட்டும் இலைகளின் மேல் படகு மாதிரி ஆடி ஆடி நகர்ந்தது. விமானம் அதைவிட்டு விலகிப் பாறைப் பக்கம் திரும்பியது. பச்சை முடிந்து, பாறையின் வெள்ளை எட்டிப் பார்த்தது.

அக்கா சட்டென்று ஒரு பொத்தானைத் தட்டி நிறுத்தினார்.

"இதுக்கப்பறம் ஒண்ணுமில்ல. தண்ணிதான்" என்றார்.

என் மனைவி, இவர் எங்கே, விசில் ஊதினாரே, காணவில்லையே என்றாள். புதருக்குள் இருப்பார், தெரியாது என்றார் அக்கா. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய்க் காபி கலந்தார்.

அந்தப் படத்தைத்தான் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போனார். தொட்டி வருகிற இடத்தில் அங்கிருந்த அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து, "அது என்னம்மா, யானையா?" என்று கேட்டாராம். "இல்லைங்க, ஆளு. ஆளே தெரியலல்ல, அதான் எங்க பிரச்சினை" என்று இவர் சொன்னாராம். இதை என்னிடம் வந்து சொன்னபோது, அதிகாரி கேட்டதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பெரிய படிப்புப் படித்தவருக்கே யானையாகத்தான் தெரிந்தது என்று எனக்குச் சொல்ல விரும்பியிருக்கிறார். கோடை முடிவதற்குள் இரண்டு பக்கமும் புதரை வெட்டினார்கள். அந்தப் பெண் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போனாள். அக்கா பிறகு வேறு கம்பெனிக்கு மாறி பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். அதற்குமேல் தகவல் இல்லை. இன்னொரு விமானம் செய்தாரா என்றும் தெரியாது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் ட்ரோன் விட்டார்கள். விடுகிற பையன் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பந்திக்கு மேலே சுற்றியது. என்னையறியாமல் அவனிடம் கேட்டுவிட்டேன்: "தம்பி, வுழுந்தா எங்க வுழும்?" மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். என் மனைவி சிரித்துவிட்டு, என் யானைக் கதையைச் சொல்லச் சொன்னாள். மூடியில் ஆரம்பித்து, விசிலில் ஏற்றி, தேனில் முடித்தேன். பந்தியே சிரித்தது. எப்போதும் அங்கேதான் முடிப்பேன்.

பாறைக்கும் குட்டைக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துண்டுப் படத்தை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பாறையின் மேல் அக்கா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, அசையாமல் நின்றார். பின்னால் யானை வருகிறது என்று முழுசாக நம்பிக்கொண்டு நான் அவரைத் தாண்டி ஓடினேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை. 'அக்கா' என்றுகூடச் சொல்லவில்லை.